நூற்றுக்கணக்கான தளங்கள், ஒரே முகவரி

பிரிட்டன் நாடாளுமன்றத்தில் நடக்கும் பேச்செல்லாம் 'ஹன்சார்ட்' என்ற பதிவேட்டில் ஏறும். உறுப்பினர் கேள்வி கேட்பார், அமைச்சர் எழுத்தில் பதில் தருவார். இணையம் வந்த பிறகு அந்தப் பதில்களில் ஒரு சோம்பல் புகுந்தது. கேட்ட விவரத்தை எழுதாமல், "எங்கள் துறையின் இணையதளத்தில் இந்த முகவரியில் இருக்கிறது" என்று முடித்துவிடுவார்கள். அந்த முகவரிகளில் பல பின்னாளில் திறக்கவில்லை என்பதை 2007 வாக்கில் மக்களவை முன்னவராக இருந்த ஜாக் ஸ்ட்ரா கவனித்தார். தேசிய ஆவணக் காப்பகம் கணக்கெடுத்தது. 1997 முதல் 2006 வரை ஹன்சார்டில் ஏறிய அரசுத் தள இணைப்புகளில் 60 சதவீதம் செத்துக் கிடந்தன.

எந்த அமைச்சரும் பொய் சொல்லவில்லை. பதில் எழுதிய நாளில் அந்தப் பக்கம் இருந்தது. அதன்பின் துறையின் தளத்தைப் 'புதுப்பித்தார்கள்'. புதுத் தளம் வந்த அன்று எல்லோரும் முகப்பைப் பார்த்துக் கைதட்டியிருப்பார்கள். உள்ளே இருந்த ஆயிரக்கணக்கான முகவரிகள் அன்று இரவே பயனற்றுப்போனது யாருக்கும் தெரிந்திருக்காது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் மேற்கோளாகக் காட்டப்பட்ட இணைப்புகளில் ஏறக்குறைய பாதி, நீதிபதிகள் பார்த்த விஷயத்தை இப்போது காட்டுவதில்லை என்று ஹார்வர்டு சட்ட ஆய்வாளர்கள் 2013-இல் கண்டார்கள். 2011-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில் வந்த முகவரி காலாவதியானதும் யாரோ ஒரு குறும்புக்காரர் அதை வாங்கி, "இந்தப் பக்கத்தை நீங்கள் மேற்கோள் காட்டாதது நல்லதாயிற்று, இல்லையா?" என்ற பொருளில் ஒரு கிண்டல் வாசகத்தைப் போட்டுவைத்தார். 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டு கழித்து இல்லை என்கிறது பியூ ஆய்வு மையத்தின் 2024 அறிக்கை.

பெரிய நிறுவனத்தின் இணையதளத்தை மாற்றுவது என்றால் புது வடிவமைப்பு, புது நிறம், முகப்பில் பெரிய படம் என்றுதான் பலருக்கும் தோன்றுகிறது. அவை சுலபமான வேலைகள். சிக்கல் இரண்டு இடங்களில் இருக்கிறது: பழைய முகவரிகளில் ஒன்று, அந்தப் பக்கங்களுக்குச் சொந்தம் கொண்டாடும் ஆட்களில் இன்னொன்று. இரண்டையும் ஒருசேரச் சமாளித்து, அதைப் பற்றி வெளிப்படையாக எழுதியும் வைத்தது பிரிட்டன் அரசின் கவ்.யூகே தளம். அங்கே சரியாகச் செய்ததும் சறுக்கியதும் இரண்டுமே படிக்கத்தக்கவை.

முதலில் முகவரி எப்படிச் சாகிறது என்று பார்த்துவிடுவோம்.

உலாவியில் ஒரு முகவரியைத் தட்டியதும் சர்வர் அனுப்பும் பதிலின் தலையில் ஒரு மூன்று இலக்க எண் இருக்கும். பக்கம் இருந்தால் 200. இல்லாவிட்டால் 404, இதை எல்லோரும் எப்போதாவது கண்ணால் பார்த்திருப்போம். மற்றவை திரைக்குப் பின்னால் வேலை செய்பவை. 301 என்றால் 'பக்கம் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது, புது இடம் இதோ' என்று பொருள். உலாவி ஒரு நொடிக்குள் புது இடத்துக்குப் போய்விடும்; வாசகருக்கு எதுவும் தெரியாது. தேடுபொறியும் அந்த எண்ணைப் படித்து, பழைய பக்கத்துக்கு இத்தனை ஆண்டுகளாகச் சேர்ந்த மதிப்பைப் புதிய பக்கத்தின் கணக்கில் வரவு வைக்கும். 302 என்பது தற்காலிக மாற்றம். நிரந்தரமாகப் போன பக்கத்துக்குக் கைதவறி 302 போட்டுவிட்டு, கூகுளில் பழைய முகவரியே ஏன் வந்துகொண்டிருக்கிறது என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் உண்டு.

410 கொஞ்சம் அபூர்வமான எண். 'இங்கே பக்கம் இருந்தது, நாங்களே எடுத்துவிட்டோம்' என்பது அதன் பொருள். நாணயமான பதில் என்று எனக்கு அதன் மேல் ஒரு மரியாதை உண்டு. நடைமுறையில் பலர் செய்வது இதற்கு நேர்மாறு: பழைய முகவரிகள் அத்தனையையும் ஒரே வரியில் புதுத் தளத்தின் முகப்புக்குத் திருப்பிவிடுவார்கள். 404 எண்ணிக்கை பூஜ்ஜியம் என்று அறிக்கையிலும் எழுதலாம். ஓய்வூதிய விண்ணப்பத்தைத் தேடி வந்தவர் முகப்பில் சிரிக்கும் தலைவரின் படத்துக்கு முன்னால் நிற்பார். தேடுபொறி இந்தத் தந்திரத்தைக் கண்டுகொள்ளும். அப்படித் திருப்பப்பட்ட பக்கங்களை இல்லாத பக்கங்களாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே இதைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். முகவரிகள் தாமாக மாறுவதில்லை, மனிதர்கள்தான் மாற்றுகிறார்கள் என்பது அவர் வாதம். மாறக்கூடிய எதையும் முகவரிக்குள் வைக்காதீர்கள் என்றும் சொன்னார். எழுதியவரின் பெயர், மென்பொருளின் பெயர், கோப்பின் வால் எதுவும் அதில் வேண்டாம் என்றார்.

அரசாங்கத்தில் எளிதாக மாறும் இன்னொன்றும் உண்டு: துறையின் பெயர். பிரிட்டனின் வணிக, தொழில் துறை 2007-இல் ஒரு பெயர் மாறியது, 2009-இல் இன்னொன்று, 2016-இல் மற்றொன்று, 2023-இல் உடைந்து வேறு துறைகளானது. பிரதமருக்கு அமைச்சரவையை மாற்றத் தோன்றும்போதெல்லாம் பெயர்ப்பலகை மாறும். ஒவ்வொரு துறையும் தன் பெயரில் ஒரு தளம் வைத்திருந்த காலத்தில், பெயர் மாறினால் தளமும் மாறும். ஹன்சார்டின் 60 சதவீதம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதுவும் ஒரு விடை.

மார்த்தா லேன் ஃபாக்ஸ் என்ற தொழில்முனைவோர் அமைச்சர் பிரான்சிஸ் மாடுக்குக் கொடுத்த கடித வடிவ அறிக்கை ஒன்று 2010 நவம்பரில் வெளியானது. பொதுமக்களுக்கான அன்றைய முதன்மைத் தளமான டைரக்ட்கவ் பற்றிப் பரிசீலிக்கச் சொல்லியிருந்தார்கள். அதை ஒட்டுப்போட்டுத் திருத்துவதில் பயனில்லை, அரசு முழுவதற்கும் ஒரே தளம் வேண்டும் என்றார் அவர். அதைவிட முக்கியமான பரிந்துரை ஒன்று அந்த அறிக்கையில் இருந்தது. எல்லாத் துறைகளின் இணையச் சேவையிலும் பயன்படுத்துபவரின் அனுபவம் எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் முழு அதிகாரமும், அதற்கான செலவை நெறிப்படுத்தும் அதிகாரமும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும் என்பதே அது.

தொழில்நுட்பக்காரர்கள் கவ்.யூகே கதையைச் சொல்லும்போது இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என் கணிப்பில் மற்ற எல்லாவற்றையும் சாத்தியமாக்கியது இதுதான். நூற்றுக்கணக்கான தளங்களை மூட வேண்டும் என்றால் நூற்றுக்கணக்கான அதிகாரிகளிடம் 'உங்கள் தளம் இனி இல்லை' என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்பவர் கையில் வெறும் நல்லெண்ணம் மட்டும் இருந்தால் முதல் கூட்டத்தோடு திட்டம் முடிந்துவிடும்.

அந்தப் பரிந்துரைக்குப் பின் யாரும் நூறு பக்கத் திட்ட அறிக்கை எழுத உட்காரவில்லை. ஒரு சிறு குழு 12 வாரங்களில், 2,61,000 பவுண்டு செலவில், 'ஆல்ஃபாகவ்' என்ற மாதிரித் தளத்தைக் கட்டி 2011 மே மாதம் பொதுவில் வைத்தது. அரைகுறைத் தளம்தான். ஆனால் அதுவரை 'ஒரே தளம் என்றால் எப்படி இருக்கும்?' என்று ஆளுக்கொரு கற்பனையில் பேசிக்கொண்டிருந்தவர்கள், எல்லோரும் ஒரே பொருளைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்கள். அடுத்த வங்கி விடுமுறை எப்போது என்று அதில் கேட்டால், தேதி பெரிய எழுத்தில் வந்து நின்றது. முன்னுரை இல்லை, துறையின் பெருமை இல்லை. இன்றைக்கும் கவ்.யூகேயின் விடுமுறைப் பக்கம் அப்படித்தான் இருக்கிறது.

அந்த ஆண்டே அரசு டிஜிட்டல் சேவை என்ற அமைப்பு உருவானது. கார்டியன் பத்திரிகையின் டிஜிட்டல் பிரிவிலிருந்து வந்த மைக் பிராக்கன் அதன் தலைவரானார். 2012 தொடக்கத்தில் இரண்டாம் கட்டமாக பீட்டா தளம் வந்தது. எல்லாம் வெளிப்படையாக நடந்தது. என்ன செய்கிறோம், எங்கே மாட்டிக்கொண்டோம் என்று வாரந்தோறும் எழுதினார்கள். நிரல்களையும் பொதுவில் போட்டார்கள்.

துறைகளின் பக்கமிருந்து பார்த்தால் அவர்களுடைய அச்சமும் நியாயமானதே. ஒரு துறையின் தகவல் பிரிவில் பத்து ஆண்டுகள் உழைத்து ஒரு தளத்தை வளர்த்தவருக்கு அது வெறும் கோப்புகளின் தொகுப்பா? அமைச்சர் பேசியதை அன்று மாலையே ஏற்ற வேண்டும், பத்திரிகையாளருக்கு விடை வேண்டும், துறையின் சின்னம் தெரிய வேண்டும், ஆய்வறிக்கைகள் இருக்க வேண்டும். இவை எல்லாம் புதுத் தளத்தில் என்னவாகும் என்று கேட்டார்கள். குடிமகன் கேட்பது வாகன வரி எப்படிக் கட்டுவது என்று. துறை கேட்பது என் செய்திக்குறிப்பு எங்கே என்று. இரண்டுக்கும் ஒரே பக்கத்தில் பதில் சொல்ல முடியாது.

டிஜிட்டல் சேவைக் குழு கண்ட வழி, இரண்டையும் பிரிப்பது. குடிமக்களின் கேள்விகளுக்கான பக்கங்களில் எந்தத் துறை என்பதே பெரிதாகத் தெரியாது. 'வாகன வரி' என்பது முகவரி. அதைத் தருவது எந்த அலுவலகம் என்பது மக்களுக்கு வேண்டாத விவரம். அமைச்சரவையை எத்தனை முறை கலைத்து அடுக்கினாலும் அந்த முகவரி அசையாது. கொள்கை, செய்தி, அறிக்கை எல்லாம் 'துறைகள்' என்ற தனிப் பகுதிக்குப் போயின. அதற்காக எழுதப்பட்ட மென்பொருளுக்கு, லண்டனில் அமைச்சகங்கள் இருக்கும் தெருவின் பெயரான 'வைட்ஹால்' என்பதையே வைத்தார்கள். சின்னத்துக்காக நடந்திருக்க வேண்டிய சண்டையை இன்னொரு முடிவு தணித்தது: 2012-இல் பிரிட்டன் அரசு துறைகளின் தனித்தனி லோகோக்களை விட்டுவிட்டு, பெரும்பாலான துறைகளுக்கும் ஒரே அரச முத்திரை, பக்கத்தில் துறைக்கு ஒரு நிறக்கோடு என்ற பொது முறைக்கு வந்தது. கோட்டின் நிறத்தில் மட்டும் வேறுபாடு என்று ஆகிவிட்டால் அப்புறம் சண்டை போட என்ன இருக்கிறது?

எழுத்துருவிலும் ஒரு நல்ல முடிவு எடுத்தார்கள். பிரிட்டனின் சாலைப் பலகைகளுக்கு ஜாக் கின்னீரும் மார்கரெட் கால்வெர்ட்டும் உருவாக்கிய 'டிரான்ஸ்போர்ட்' எழுத்தை, கால்வெர்ட்டும் ஹென்ரிக் குபெலும் புதுப்பித்த வடிவம் தளத்துக்கு வந்தது. வேகமாகப் போகும் காரிலிருந்து படிக்கவென்று செய்த எழுத்து, அவசரமாக வரி கட்ட வருபவருக்கும் ஒத்துவந்தது.

வடிவமைப்பைவிடச் சலிப்பான வேலை ஒன்று மீதமிருந்தது. அதில்தான் நான் கொஞ்ச நேரம் நிற்க விரும்புகிறேன்.

ஒரு தளத்தை மாற்றும்போது முதலில் தேவைப்படுவது பட்டியல். என்னென்ன முகவரிகள் இருக்கின்றன? இந்தக் கேள்விக்குத் தளத்தை நடத்துபவருக்கே விடை தெரியாது என்பது வெளியாட்களுக்கு வியப்பாக இருக்கும். மெனுவில் தெரிவது ஒரு சிறு பகுதி. மெனுவிலிருந்து எடுத்துவிட்ட, ஆனால் சர்வரிலிருந்து எடுக்காத பக்கங்கள் உண்டு. மேலதிகாரி ஒரு விழாவுக்காகப் போடச் சொன்ன பிடிஎஃப் உண்டு. மாவட்ட அலுவலகத்தில் யாரோ தனியாக வைத்திருக்கும் துணைத்தளம் உண்டு. ஆகவே பல திசைகளிலிருந்து பட்டியல் சேர்க்க வேண்டும். தளத்தை ஒரு நிரலை விட்டு இணைப்பு இணைப்பாக நடக்கச் செய்வது ஒன்று. சர்வர் லாக் கோப்புகளை எடுத்து, உண்மையில் மக்கள் எந்த முகவரியைத் தட்டினார்கள் என்று பார்ப்பது இன்னொன்று. வெளித் தளங்கள் எவற்றுக்கு இணைப்புக் கொடுத்திருக்கின்றன என்பது மூன்றாவது. இணையக் காப்பகத்தில் பழைய பதிவுகள் இருந்தால் அவையும் உதவும். இந்தப் பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. ஒத்துப்போகாத இடங்களில்தான் புதையல் இருக்கும்.

பிறகு எல்லாவற்றையும் ஓர் எக்செல் தாளில் கொட்டி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். அப்படியே வருமா? வேறொரு பக்கத்தோடு சேருமா? காப்பகத்துக்குப் போகுமா? டைரக்ட்கவ் தளத்தின் வாகன வரிக்கான சிறு முகவரியை எடுத்துக்கொள்ளுங்கள். அது வரி நினைவூட்டல் கடிதங்களில் அச்சாகி, வீடு வீடாகப் போயிருந்தது. காகிதத்தில் ஏறிய முகவரியைத் திரும்பப் பெற முடியாது. அது புது வாகன வரிப் பக்கத்துக்கே போய்ச் சேர வேண்டும். போக்குவரத்துப் பகுதியின் தலைப்புக்குக்கூட அல்ல. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு மனிதர் முடிவு சொல்ல வேண்டும். அந்த மனிதர் பெரும்பாலும் துறையில் இருப்பவர். இணையதள மாற்றத்தில் 'சம்பந்தப்பட்டவர்களின் ஒத்துழைப்பு' என்று அறிக்கைகளில் எழுதுவது, நேரில் பார்த்தால் இதுதான்: தாளில் காலியாக இருக்கும் ஒரு கட்டத்தை நிரப்பச் சொல்லி ஓர் அதிகாரிக்கு மூன்றாவது முறை மின்னஞ்சல் அனுப்புவது.

பிரிட்டன் குழு இதை ஒரு கொள்கையாகவே அறிவித்தது: ஒரு பழைய இணைப்பும் விடுபடக் கூடாது. ஒவ்வொரு பழைய முகவரிக்கும் இரண்டில் ஒரு கதி. புதுப் பக்கம் இருந்தால் 301. இல்லையென்றால் 410, அந்தப் பக்கத்தில் 'இது எடுக்கப்பட்டது' என்ற அறிவிப்பும், தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் நகலுக்கு இணைப்பும் இருக்கும். ஹன்சார்டு விவகாரத்துக்குப் பின் அந்தக் காப்பகம் அரசுத் தளங்களை முறையாகப் பதிவுசெய்து வந்தது இங்கே கைகொடுத்தது. எல்லா வழிமாற்றுகளையும் ஒரு நிரல் ஒவ்வொன்றாகச் சோதித்தது. மூடப்பட்ட தளங்களின் பழைய முகவரிகளைக் கவனிக்கவென்றே தனியாக ஒரு மென்பொருளை எழுதினார்கள். அதற்கு 'பவுன்சர்' என்று பெயர்.

பக்கங்களைக் குறைப்பதும் இந்தத் தாளிலேயே நடக்கும். குறைக்கும்போதுதான் சண்டை வரும். 'இந்தப் பக்கம் வேண்டாம்' என்றால் எழுதியவர் கோபிப்பார். 'கடந்த ஓராண்டில் இதை எத்தனை பேர் திறந்தார்கள் என்று பார்ப்போமா?' என்று லாக் கோப்பைத் திறந்தால் பேச்சு வேறு திசையில் போகும். 2012 ஏப்ரலில் அரசு டிஜிட்டல் சேவை வெளியிட்ட வடிவமைப்புக் கொள்கைகளில் முதலாவது, தேவையிலிருந்து தொடங்கு என்பது; அது அரசின் தேவை அல்ல, பயன்படுத்துபவரின் தேவை என்று குறிப்பும் போட்டிருந்தார்கள். இரண்டாவது, குறைவாகச் செய் என்பது. அரசு மட்டுமே செய்யக்கூடியதை அரசு செய்தால் போதும் என்றார்கள். கூட்டத்தில் ஒருவருடைய பிரியமான பக்கத்தை வெட்டும்போது, 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பதற்குப் பதில் 'நாம் முன்பே ஒப்புக்கொண்டபடி' என்று சொல்ல இந்தக் கொள்கைகள் உதவின.

முகப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இத்தகைய திட்டங்களில் கூட்ட நேரத்தை அதிகம் தின்பது முகப்புப் பக்கம்தான். எந்தப் பிரிவின் பெயர் மேலே வரும், யார் படம் ஓடும், எத்தனை பட்டன்கள் என்பதிலேயே மாதங்கள் போகும். ஆனால் பெரும்பாலோர் தேடுபொறியில் கேள்வியைத் தட்டிவிட்டு நேராக உள்பக்கத்தில் வந்து இறங்குகிறார்கள். கவ்.யூகே குழுவினர் கூகுள்தான் தங்கள் முகப்பு என்றே நினைத்து வேலை செய்தார்கள்.

தமிழில் இந்த இடமாற்றத்துக்கு இன்னொரு முள்ளும் உண்டு. உலகின் மற்ற பல மொழிக்காரர்களுக்கு இந்த அனுபவம் இருக்காது. ஒருங்குறி பரவுவதற்கு முன் இங்கே பத்திரிகைக்கு ஒரு எழுத்துரு, அலுவலகத்துக்கு ஒரு எழுத்துரு என்று இருந்தது. தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டதே 2010-இல்தான். பழைய முறைகளில் 'கெ' என்பதைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிப்பார்கள்: முதலில் கொம்பு, பிறகு க. ஒருங்குறியில் க முதலில், கொம்பு பிறகு. 'கொ' என்றால் இன்னும் மோசம். பழைய முறையில் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. மாற்றும் நிரல் ஓர் இடத்தில் தடுக்கினாலும் கொம்பு அனாதையாகத் தொங்கும். கண்ணில் பட்டால் திருத்தலாம். கண்ணுக்குச் சரியாகத் தெரிந்து, உள்ளே துண்டுகள் தவறான வரிசையில் கிடந்தால்? பக்கம் இருக்கும், தேடினால் கிடைக்காது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற தன்னார்வ முயற்சிகள் தங்கள் நூல்களைப் பொறுமையாக ஒருங்குறிக்குக் கொண்டுவந்தன. அந்தப் பொறுமை எல்லா நிறுவனங்களுக்கும் இருந்ததில்லை.

2012 அக்டோபர் 17 அன்று கவ்.யூகே அதிகாரபூர்வமாக வந்தது. டைரக்ட்கவ், சிறு தொழில்களுக்கான பிசினஸ் லிங்க் என்ற இரண்டு பெரிய தளங்களின் இடத்தை அது பிடித்தது. இரண்டு மட்டும்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். நவம்பரில் முதல் சில அமைச்சகங்கள் உள்ளே வந்தன. மற்றவை அணி அணியாக 2013 வரை வந்து சேர்ந்தன. 300-க்கும் மேற்பட்ட முகமைகளும் வாரியங்களும் 2014 டிசம்பர் வரை வந்துகொண்டே இருந்தன. முதல் அணியில் அடிபட்டுக் கற்றது அடுத்த அணிக்குப் பயன்பட்டது. 2013-இல் லண்டன் வடிவமைப்பு அருங்காட்சியகம் கவ்.யூகேக்கு ஆண்டின் சிறந்த வடிவமைப்பு விருதைத் தந்தது. பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லையே என்று கேலியும் வந்தது.

கேலியைவிடக் கனமான குறையும் வந்தது. வரித்துறை, குடியேற்றத் துறைப் பக்கங்கள் மாறியபோது, பொதுமக்களுக்குப் புரியும்படி சுருக்கி எழுதியதில் வரி ஆலோசகர்களும் குடியேற்ற வழக்கறிஞர்களும் அன்றாடம் புரட்டிய நுணுக்கங்கள் காணாமல்போயின, அல்லது எங்கோ போய் ஒளிந்துகொண்டன. விசா விதியில் ஒரு விலக்கு விடுபட்டால் ஒருவருடைய விண்ணப்பமே போய்விடலாம். 'பயன்படுத்துபவர்' என்றால் அவசரத்தில் வரும் சாதாரணக் குடிமகன் என்று மனத்தில் ஓர் உருவத்தை வைத்துக்கொண்டு வேலை செய்ததன் விலை இது. தினமும் வரும் கணக்காளரும் பயன்படுத்துபவர்தான். துறைக்குள் இருந்த நிபுணர்கள் எழுப்பிய எச்சரிக்கை சிலசமயம் பழைய தளத்தின் மேலுள்ள பாசமாகவே பார்க்கப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். முணுமுணுப்பவர்களில் யார் தன் நாற்காலிக்காகப் பேசுகிறார், யார் வாசகருக்காகப் பேசுகிறார் என்று பிரித்தறிவது இந்த வேலையின் மிகக் கடினமான பகுதி. அதற்கு மென்பொருள் கிடையாது.

எதிர்பார்ப்பைத் தவறாகக் கையாண்டால் என்ன ஆகும் என்பதற்கும் பிரிட்டனிலேயே உதாரணம் இருக்கிறது. டி.எஸ்.பி. வங்கி, லாயிட்ஸ் வங்கியின் கணினி அமைப்பை வாடகைக்குப் பயன்படுத்தி வந்தது. அதைப் புதிய உரிமையாளரான ஸ்பெயினின் சபடெல் குழுமத்தின் அமைப்புக்கு மாற்ற வேண்டும். 2017 நவம்பர் என்று நாள் குறித்தார்கள். முடியவில்லை. வேலையைக் கணக்கிட்டு முடிப்பதற்குள்ளேயே 2018 முதல் காலாண்டு என்று அடுத்த நாளை அறிவித்துவிட்டார்கள். நாளை முதலில் வைத்து, வேலையை அதற்குள் அடைப்பது. கடைசியில் 2018 ஏப்ரல் மாத வார இறுதி ஒன்றில் ஏறக்குறைய மொத்தமும் ஒரே மூச்சில் மாறியது. கணக்குத் தரவு பத்திரமாகவே போய்ச் சேர்ந்தது. வாடிக்கையாளர் உள்நுழையும் அமைப்புதான் விழுந்தது. இரண்டு தரவு மையங்கள் இருக்க, முக்கியச் சோதனைகள் ஒன்றில் மட்டுமே நடந்திருந்தன என்று பின்னால் விசாரணை சொன்னது. 19 லட்சம் பேர் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். வங்கிக்கு 33 கோடி பவுண்டு செலவு. தலைமை நிர்வாகி அந்த ஆண்டே விலகினார். 2022 டிசம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புகள் விதித்த அபராதம் 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு.

வங்கிக்கும் அரசுத் தளத்துக்கும் வேறுபாடு உண்டு. வங்கிக் கணக்கைப் பாதி இங்கே பாதி அங்கே வைப்பது தகவல் பக்கங்களைப் போல எளிதல்ல. ஆனாலும் அறிவித்த நாளுக்கு அடிமையாவது இரண்டு உலகத்துக்கும் பொது. நாளை அறிவித்தவுடன் அது தலைமையின் வாக்குறுதியாகிவிடுகிறது. அதன்பிறகு 'இன்னும் தயாராகவில்லை' என்று சொல்பவர் துரோகியாகத் தெரிவார். ஆகவே யாரும் சொல்வதில்லை. எல்லா அறிக்கையிலும் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

மாற்றம் நடக்கும் இரவுக்கான நுட்பங்கள் இதோடு ஒப்பிட்டால் சுலபம். பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். அமைப்பில், ஒரு விடையை எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்ற காலக்கெடு விநாடிக் கணக்கில் எழுதியிருக்கும். வழக்கமாக அது ஒருநாள்வரைகூட இருக்கும். மாற்றத்துக்குச் சில நாள் முன்பே அதை ஐந்து நிமிடமாகக் குறைத்துவிட்டால், ஏதாவது கெட்டுப்போகும்போது உடனே பழைய இடத்துக்குத் திரும்பலாம். முன்தினமே பழைய தளத்தில் புதிதாக எதையும் ஏற்றுவதை நிறுத்த வேண்டும். திரும்பிப் போகும் வழியை ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். மறுநாள் காலை முதல் 404 பதிவுகளை ஒருவர் உட்கார்ந்து படித்துக்கொண்டே இருக்க வேண்டும். பட்டியலில் விடுபட்டவை எல்லாம் அங்கேதான் தலைகாட்டும். இந்த ஒருவரை யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை. திறப்பு விழாவோடு ஒப்பந்தம் முடிந்து, குழு கலைந்துபோயிருக்கும்.

முகவரியை ஒருமுறை சரியாக அமைத்ததன் பலன் கவ்.யூகேக்கு 2016-இல் தெரிந்தது. வணிகத் துறையும் எரிசக்தித் துறையும் ஒன்றாக்கப்பட்டன. முன்பு என்றால் புதுப் பெயரில் ஒரு தளம், புது டெண்டர், ஆயிரக்கணக்கில் செத்த இணைப்புகள். இம்முறை துறைகள் பகுதியில் புதிய பெயரில் ஒரு பக்கம் சேர்ந்தது. குடிமக்களுக்கான பக்கங்களின் முகவரியில் துறையின் பெயரே இல்லாததால் அவை இருந்த இடத்திலேயே இருந்தன.

உங்கள் பல்கலைக்கழகமோ, மாநகராட்சியோ, நிறுவனமோ தளத்தை மாற்றப்போகிறது என்றால், டெண்டர் ஆவணத்தில் நான்கு வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். பழைய முகவரிகளின் முழுப் பட்டியலை ஒப்பந்ததாரர் தர வேண்டும். ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்ற தாளில் பிரிவுத் தலைவர்களின் கையெழுத்து இருக்க வேண்டும். வழிமாற்றுகளைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்பது கூகுளே சொல்லும் அறிவுரை. ஐந்தாண்டு என்று எழுதுங்கள், செலவு அதிகமில்லை. திறப்பு விழாவுக்குப் பின் மூன்று மாதம் 404 பதிவுகளைப் பார்க்க ஓர் ஆளுக்குச் சம்பளம் ஒதுக்கச் சொல்லுங்கள். முகப்பில் யார் படம் வரும் என்பதை அவர்கள் எப்படியும் பேசி முடித்துக்கொள்வார்கள்.